கதவோரம் அமர்பவருக்கும் காப்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பயணிகள் கார்களில் 6 ஏர்பேக்குகளைக் கட்டாயமாக்கும் வரைவு அறிவிக்கையை ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்டது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக இருந்த அந்த விதி, உதிரிபாகத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி ஓராண்டு தள்ளிப்போடப்பட்டது. அந்தக் கெடு நெருங்கிய 2023 செப்டம்பரில், இதைக் கட்டாயமாக்கப் போவதில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்துவிட்டார். முன்னால் இருக்கும் 2 ஏர்பேக்குகளுக்கு மேல் வரவிருந்த அந்த 4 ஏர்பேக்குகளும் பக்கவாட்டு மோதலுக்கானவை: முன்னிருக்கைக்காரர்களின் விலாவைக் காக்க இரண்டு, இரு வரிசைகளிலும் கதவோரம் அமர்பவர்களின் தலையைக் காக்க இரண்டு. கைவிடப்பட்ட அந்த விதியை அரசு மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். இயந்திரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், சேலம்–கொச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஊரில் வாழ்பவன் என்ற முறையிலும் இதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நேருக்கு நேர் மோதும்போது காரின் முன்பகுதி முழுவதும் நசுங்கி, மோதலின் ஆற்றலில் பெரும்பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறது. பம்பர், பானெட், என்ஜின் அறை ஆகியவற்றைக் கடந்துதான் அடி நம்மிடம் வர வேண்டும். பக்கவாட்டில் அப்படி எதுவும் இல்லை. கதவின் வெளித்தகட்டுக்கும் நம் விலா எலும்புக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குச் சற்று மேல். அந்த இடைவெளிக்குள் கதவுத் தகடு, கண்ணாடி இறங்கும் பொறி, கதவுக்குள் குறுக்கே வைத்த ஒரு இரும்புக் குழாய், பிளாஸ்டிக் உள்பலகை ஆகியவை இருக்கின்றன, மிச்சம் வெற்றிடம். இரண்டு கதவுகளுக்கும் நடுவே நிற்கும் தூணை எவ்வளவு உறுதியான எஃகில் செய்தாலும், இடித்த வண்டியின் முகப்பு உள்ளே வருவதைக் குறைக்கலாமே தவிர முற்றாகத் தடுக்க முடியாது.

எனவே காப்பதற்குக் கிடைக்கும் நேரமும் மிகக் குறைவு. முன்புற ஏர்பேக் விரிய ஏறத்தாழ 30 மில்லி விநாடிகள் கிடைக்கின்றன என்றால், விலாவைக் காக்கும் பக்க ஏர்பேக் அதில் பாதி நேரத்துக்குள் விரிந்தாக வேண்டும். கதவுக்குள் காற்றழுத்தம் திடீரென உயர்வதை உணரும் ஒரு சென்சாரும், நடுத்தூணின் அடியில் அதிர்வை உணரும் ஒரு சென்சாரும் சேர்ந்து இந்த முடிவை எடுக்கின்றன. விலாவுக்கான பை இருக்கையின் ஓரத் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. தலைக்கான கர்ட்டன் ஏர்பேக் கூரை ஓரத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருந்து, கண்ணாடிக்கும் தலைக்கும் நடுவே திரைபோல் கீழிறங்குகிறது. வண்டி உருண்டாலும் உதவ வேண்டும் என்பதால் முன்புறப் பையைப் போல உடனே தளர்ந்துவிடாமல், பல கார்களில் சில விநாடிகள் விறைப்பாகவே நிற்கும். பக்க ஏர்பேக்கை வால்வோ நிறுவனம் 1994இலேயே சந்தைக்குக் கொண்டுவந்தது. 1998இல் கர்ட்டன் ஏர்பேக்கையும் அளித்தது. முப்பது ஆண்டுப் பழக்கமுள்ள ஒரு சாதனத்தை இன்னும் புதுமைப் பொருளாகவும் ஆடம்பரமாகவும் நாம் கருதுவது நியாயமாகத் தெரியவில்லை.

இதன் பயனை ஊகமாகச் சொல்லவில்லை. தலையையும் சேர்த்துக் காக்கும் பக்க ஏர்பேக்குகள், ஓட்டுநர் பக்கத்தில் இடிபட்ட கார்களில் ஓட்டுநரின் மரண அபாயத்தை 37 விழுக்காடும், எஸ்யூவி வண்டிகளில் 52 விழுக்காடும் குறைத்திருக்கின்றன என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. விலாவை மட்டும் காக்கும் பைகளால் கிடைத்த பயன் முறையே 26, 30 விழுக்காடு. தலைக்குக் காப்பு இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

"பக்கவாட்டில் இடித்தால் சீட் பெல்ட் என்ன செய்துவிடும்?" என்று படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இடிபட்ட பக்கத்தில் அமர்ந்தவரை நோக்கி வரும் கதவைப் பெல்ட்டால் நிறுத்த முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஏர்பேக் எந்த இடத்தில் விரிகிறதோ அந்த இடத்தில் உடல் இருக்கும்படி பிடித்துவைப்பது பெல்ட்தான். உடைந்த சன்னல் வழியாகவோ திறந்துகொண்ட கதவு வழியாகவோ ஆள் வெளியே தூக்கி எறியப்படாமல் காப்பதும் அதுதான். இடிபடாத பக்கத்தில் இருப்பவருக்கு அதன் வேலை இன்னும் தெளிவானது. பெல்ட் இல்லாதவர் இருக்கையைக் குறுக்கே கடந்து போய், அடுத்தவரின் தலையிலும் தோளிலும் தம் முழு எடையோடு மோதுகிறார். பெல்ட் அணிந்திருந்தாலும் உட்புறமாகச் சாயும்போது தோள்பட்டை பட்டையிலிருந்து நழுவக்கூடும் என்பதால், சில வெளிநாட்டுக் கார்களில் இரு முன்னிருக்கைகளுக்கும் நடுவே விரியும் ஏர்பேக்கையும் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். நம் கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயக் கார்களை அருகில் சென்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பல முனைகளில் பூட்டும் பெல்ட் இருந்தும், தலையையும் தோளையும் இருபுறமும் அணைத்துப் பிடிக்கும்படி அந்த இருக்கைகளின் ஓரங்களை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் தலைக்கு இருபுறமும் உயர்ந்த காப்பு 1996 முதல் கட்டாயம்.

இப்போது நம் சாலைகளுக்கு வருகிறேன். சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவினாசி வழியாகக் கோவைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலும், பல்லடம், காங்கேயம், கரூர் வழியாகத் திருச்சி செல்லும் சாலையிலும், பொள்ளாச்சி சாலையிலும் வழிநெடுகப் "பிரிவு"கள் உண்டு. ஊருக்குள்ளிருந்து வரும் சிறு சாலை பெருஞ்சாலையைச் சந்திக்கும் அந்த இடங்களில்தான் நம் கார்கள் தங்கள் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. பிரிவிலிருந்து ஏறி நடுத்திட்டின் இடைவெளி வழியாக எதிர்ப்புறம் திரும்ப நினைக்கும் ஒரு காரை எண்ணிப் பாருங்கள். முதல் பாதியைக் கடக்கும்போது வண்டிகள் வலப்புறத்திலிருந்து வருகின்றன. இடி விழுந்தால் அது ஓட்டுநர் கதவில் விழும். நடுத்திட்டைத் தாண்டிய பிறகு வண்டிகள் இடப்புறத்திலிருந்து வருகின்றன. அப்போது இடிபடுவது முன்னால் அமர்ந்த மனைவியோ, பின்னிருக்கையின் இடது ஓரத்தில் பேரனை மடியில் வைத்திருக்கும் அம்மாவோதான். ஓட்டுநரின் கண் முழுவதும் முதல் பாதியிலேயே இருக்கும். இரண்டாம் பாதியைக் கடக்கும்போது எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற அவசரமே மிஞ்சும். எதிர்த்திசையில் வரும் இரு சக்கர வண்டிக்காகத் திடீரென ஒதுங்கும் லாரியும் இத்தகைய இடங்களில் புதிதல்ல.

வலப்பக்கம் இடிபட்டால் முதலில் நசுங்குவது கல்லீரல் இருக்கும் பக்கம். இடப்பக்கம் இடிபட்டால் மண்ணீரல் இருக்கும் பக்கம். வெளியே பெரிய காயம் தெரியாமல் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் ஆபத்து இதனால்தான் ஏற்படுகிறது. "எந்திரிச்சு நின்னு பேசினாருங்க, ஒண்ணுமில்லீன்னு நெனச்சோம்" என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்க நேரும்போதெல்லாம், பக்கத்தில் இடிபட்டவரை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்ற எளிய செய்தி கூட நம் ஊர்களுக்கு வந்து சேரவில்லையே என்று வேதனையாக இருக்கிறது.

பக்க ஏர்பேக் இருந்தால் எந்த மோதலிலும் பிழைத்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் நாட்டில் பக்கவாட்டு மோதல் சோதனை 2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கும், 2019 அக்டோபர் முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாகியிருக்கிறது. ஐரோப்பிய விதியைப் பின்பற்றிய அச்சோதனையில் 950 கிலோ எடையுள்ள ஒரு தள்ளுவண்டியை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காரின் பக்கவாட்டில் மோதவிடுகிறார்கள். நம் பைபாஸில் வரும் மூன்று அச்சு டாரஸ் லாரி, சட்டம் அனுமதிக்கும் சுமையோடு 28.5 டன் எடை இருக்கலாம். அந்தத் தள்ளுவண்டியைப் போல முப்பது மடங்கு. அதன் முகப்பு நம் காரின் கதவுப் படிக்கு மேலே, நேராகத் தோள் உயரத்தில் வந்து மோதும். அதனால்தான் நடுத்திட்டு இடைவெளிகளைக் குறைப்பது, பிரிவுகளில் சுரங்கப்பாதை அமைப்பது ஆகியவற்றைக் கேட்டு நம் மக்கள் நடத்தும் போராட்டங்களுக்கு எந்தச் சாதனமும் மாற்றாகாது. ஆனால் எல்லா மோதலும் லாரி மோதல் அல்ல. காரும் காரும் மோதுவதும், மழையில் வழுக்கிய கார் பக்கவாட்டாகச் சென்று புளியமரத்திலோ மின்கம்பத்திலோ இடிப்பதும் இங்கே நடப்பவைதான். மரத்தில் இடிபடும்போது, குறுகிய அந்த ஒரே இடத்தில் முழு விசையும் இறங்கி, மரம் சன்னல் வழியே நேராகத் தலைக்கு வந்துவிடுகிறது. அங்கே கர்ட்டன் ஏர்பேக்கைத் தவிர வேறு காப்பு இல்லை.

சட்டம் கட்டாயமாக்கிய அந்தச் சோதனையில் இடிபடும் பக்கத்து முன்னிருக்கையில் ஒரே ஒரு மனிதப் பொம்மையைத்தான் அமர்த்துகிறார்கள் என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். பின்னிருக்கையில் பெரியவர் ஒருவர் இருந்தால் அவருக்கு என்ன ஆகும் என்பதை அந்தச் சோதனை அளப்பதே இல்லை. நம் வீடுகளில் பின்னிருக்கையில் அமர்பவர்கள் யார்? வயதானவர்கள், பெண்கள், பிள்ளைகள். விலா ஏர்பேக் பெரும்பாலான கார்களில் முன்னிருக்கைக்கு மட்டுமே உண்டு. பின்னால் இருப்பவரின் தலைக்கு உள்ள ஒரே அரண் கர்ட்டன்தான். அது இல்லாத காரில் அவருக்கு எதுவுமே இல்லை.

மோதல் சோதனை நடத்திக் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் வழங்கும், 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் மதிப்பீடு நல்ல தொடக்கம். அதில் 3 நட்சத்திரமோ அதற்கு மேலோ பெற வேண்டுமானால், மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் கம்பத்தில் பக்கவாட்டாக மோதும் சோதனையையும் கார் கடந்தாக வேண்டும். 6 ஏர்பேக் விதியைக் கைவிட்டபோது, இந்த மதிப்பீடு வருவதால் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு தாமாகவே பொருத்திவிடும் என்று சொல்லப்பட்டது. ஓரளவு அது நடந்தும் இருக்கிறது. ஹூண்டாய் நிறுவனம் 2023 அக்டோபரிலேயே தன் எல்லாக் கார்களிலும் எல்லா ரகங்களிலும் 6 ஏர்பேக் தருவதாக அறிவித்தது, வேறு சில நிறுவனங்களும் தொடர்ந்தன. ஆனால் அந்த மதிப்பீடு தன்னார்வமானது. சோதனைக்குக் காரை அனுப்பாமலே விற்கலாம். ஷோரூமில் அமர்ந்து, பக்க ஏர்பேக் இருக்கிறதா என்று கேட்டால், "அது டாப் மாடல்லதானுங்க வரும், நம்ம ஊருக்குள்ள ஓட்டறதுக்கு இது போதுமுங்க" என்ற பதிலையே என் உறவினர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். சன்ரூஃபும் பெரிய திரையும் வேண்டும் என்பவர் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கட்டும். தலைக்கான காப்பை அந்தப் பட்டியலில் சேர்த்து விற்பதை அரசு எப்படி அனுமதிக்கிறது என்பதே என் கேள்வி. போட்டியால் நடக்கும் என்று விட்டுவிட்ட ஒன்றைச் சட்டத்தால் உறுதி செய்ய இதைவிட நல்ல தருணம் இல்லை. பல நிறுவனங்கள் ஏற்கனவே செய்துகாட்டிவிட்ட நிலையில், முடியாது என்று சொல்ல இனி யாருக்கும் காரணம் இருக்காது.

அரசைக் கேட்பதோடு நாமும் செய்ய வேண்டியது இருக்கிறது. புதுக் கார் எடுத்தவுடன், கோயிலில் பூஜை போட்ட கையோடு நாம் போகுமிடம் சீட் கவர் கடைதான். முன்னிருக்கையின் சாய்மானத்தில், கதவை ஒட்டிய ஓரத் தையலைப் பாருங்கள். ஏர்பேக் என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சின்னத் துணிச்சீட்டோ பிளாஸ்டிக் முத்திரையோ தெரியும். பை வெளிவர வேண்டிய வழி அதுதான். அந்தத் தையலின் மேல் தடித்த ரெக்சின் உறையை இழுத்துப் போர்த்தி, பின்னால் நைலான் நூலால் முடிச்சுப் போட்டுவிட்டால், பதினைந்து மில்லி விநாடிக்குள் வெளிவர வேண்டிய பை உறைக்குள்ளேயே திணறும், அல்லது தவறான திசையில் பிதுங்கும். பல கார்களின் கையேட்டிலேயே இத்தகைய உறை கூடாது என்று எழுதியிருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைப் புரட்டுகிறோம்? பக்கம் திறந்திருக்கும்படி, அல்லது அந்த இடத்தில் மட்டும் எளிதில் கிழியும் நூலால் தைத்த உறைகள் கிடைக்கின்றன. கேட்டு வாங்க வேண்டும். துணியும் தையலும் தெரிந்த திருப்பூரும் கரூரும் நம்மிடம் இருக்கும்போது, இதைச் சரியாகச் செய்து தருவது நம் தொழில்முனைவோருக்கு அரிய காரியம் அல்ல. மேலும், உறை போடுவதற்காக இருக்கையைக் கழற்றும்போது அடியில் இருக்கும் மஞ்சள் நிற இணைப்பைச் சிலர் பிடுங்கிவிட்டுச் சரியாகப் பொருத்தாமல் விடுகிறார்கள். அது ஏர்பேக்குக்கான இணைப்பு.

கல்யாணத்துக்குப் போகும்போது தேய்த்த சட்டையையும் பட்டுப் புடவையையும் ஹேங்கரோடு கூரைக் கைப்பிடியில் மாட்டிக்கொள்வதும் அப்படித்தான். கர்ட்டன் இறங்கும் வழியில் கம்பியும் கொக்கியும் தொங்குகின்றன. சாலை நெடுகச் சன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்குவதையும் தவிர்க்க வேண்டும். திரை விரிய இடம் வேண்டும்.

பழைய கார் வாங்குவோருக்கும் ஒரு சொல். ஈரோடு, கோவை, சேலம் என்று எங்கும் கார் கன்சல்டிங் கடைகள் நிறைந்திருக்கின்றன. நம் நடுத்தரக் குடும்பங்களில் முதல் கார் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஒருமுறை விரிந்த ஏர்பேக்கை மாற்றச் செலவு அதிகம் என்பதால், கூரை உறையை ஒட்டி மறைத்து விற்கப்படும் கார்களும் சந்தையில் உண்டு. சாவியைத் திருப்பியவுடன் மீட்டர் பலகையில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். இரண்டு நிலையிலும் அந்தக் காரைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது.

பின்னிருக்கையில் பெல்ட் அணிவது சட்டப்படி கட்டாயம் என்பதையே பலர் ஏற்க மறுக்கிறார்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பெல்ட் அணியாததற்கும், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் செல்வதற்கும் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் பெல்ட் அணியாமல் நாடு முழுவதும் 16,715 பேர் இறந்ததாக ஒன்றிய அரசின் அறிக்கை கூறுகிறது; அவர்களில் 8,331 பேர் ஓட்டுநர்கள் அல்லர், உடன் பயணித்தவர்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் நடந்தன. எந்த மாநிலத்தைவிடவும் அதிகம். பெல்ட் போடாமலே எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் கொக்கிகளை இணையத்தில் விற்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதத்தில் 5 வணிகத் தளங்களுக்கு உத்தரவிட்டது. அத்தகைய கொக்கி எந்தக் கடையில் தொங்கினாலும் அகற்றச் செய்யும் பொறுப்பு உள்ளூர் அதிகாரிகளுக்கும் இருக்க வேண்டும்.

குழந்தையைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். பழனிக்கும் பண்ணாரிக்கும் போகும் வண்டிகளில் குழந்தை எப்போதும் சன்னலோர மடியில்தான் இருக்கும்; வேடிக்கை பார்க்கட்டும் என்று நாமே அங்கே வைக்கிறோம். பக்கத்தில் இடி விழுந்தால் கதவுக்கும் பெரியவரின் உடலுக்கும் நடுவே குழந்தை அகப்படுகிறது. எவ்வளவு அன்போடு இறுகப் பிடித்திருந்தாலும் அந்தக் கைகள் அந்த விசையைத் தாங்கா. குழந்தை இருக்கைகளிலும் பழைய ஐரோப்பிய விதியில் பக்கவாட்டுச் சோதனை இருக்கவில்லை. 2013இல் வந்த ஆர்129 விதிதான் அதைக் கட்டாயமாக்கியது. இருக்கை வாங்குவோர் அந்த முத்திரையையும், தலைக்கு இருபுறமும் ஆழமான காப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். முடிந்தவரை பின்னிருக்கையின் நடுவில், அங்கே அதைப் பொருத்துவதற்கான வசதி இருந்தால், வைப்பது நல்லது. கதவிலிருந்து மிகத் தொலைவான இடம் அதுவே.

தமிழக அரசின் போக்குவரத்துத் துறைக்கு ஒரு வேண்டுகோள். புதுக் காரைப் பதிவு செய்யும்போது அதில் எத்தனை ஏர்பேக்குகள், எந்தெந்த இருக்கைக்கு, கர்ட்டன் உண்டா இல்லையா என்பதை வாங்குபவர் கையெழுத்திட்டுப் பெறும் ஒரு தமிழ்ப் படிவமாக விற்பனையாளர் தரும்படி செய்யலாம். இதற்கு ஒன்றிய அரசின் விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலை ரோந்துக் காவலர்கள் முன்னிருக்கையோடு நின்றுவிடாமல், பின்னிருக்கைப் பெல்ட்டையும் சுங்கச்சாவடிகளில் பார்க்க வேண்டும்.

தங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறேன். கார் விபத்துச் செய்தியை வெளியிடும்போது, எந்தப் பக்கத்தில் இடிபட்டது, உள்ளே இருந்தவர்களில் யார் யார் பெல்ட் அணிந்திருந்தார்கள், ஏர்பேக்குகள் விரிந்தனவா என்ற விவரங்களைக் காவல் துறையிடம் கேட்டுச் சேர்த்து வெளியிடுமாறு தங்கள் நிருபர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாதங்கள் இவ்விவரங்கள் தொடர்ந்து அச்சில் வந்தால், எந்தப் பிரிவில் எந்தக் கதவு இடிபடுகிறது என்பது மாவட்ட ஆட்சியர்களுக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் தெரியவரும். அடுத்த கார் வாங்கப் போகிறவரும் ஷோரூமில் எதைக் கேட்க வேண்டும் என்று அறிந்துகொள்வார்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.